இங்கிலாந்தில் பழைய பியூஸ் பெட்டியை மாற்ற எவ்வளவு கொடுப்பது நியாயம்?

கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் வீட்டு வயரிங் வேலை என்றால் கூலி தனி, சாமான் தனி. வயர்மேன் துண்டுச் சீட்டில் எழுதித் தரும் எம்.சி.பி., சுவிட்ச், வயர் எல்லாவற்றையும் நாமே கடைத்தெருவில் விலை விசாரித்து வாங்கி வந்து, அவருக்கு நாள் கூலி கொடுப்போம். அந்தப் பழக்கத்தோடு இங்கிலாந்துக்கு வந்து ஒரு பழைய வீட்டை வாங்கி, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பியூஸ் பெட்டியை மாற்ற எலக்ட்ரீஷியனை அழைத்தால், அவர் 750 பவுண்டு என்று ஒரே தொகையாகச் சொல்வார். கடையில் அந்தப் பெட்டி 200, 250 பவுண்டுக்குக் கிடைக்கிறதே, மிச்சமெல்லாம் ஒரு நாள் கூலியா என்று நம் டெல்டாக்காரர்கள் திகைப்பது இயல்பு. அந்த மிச்சம் எதற்காக என்று தெரிந்துகொண்டால்தான் சொன்ன விலை நியாயமா என்று கணிக்க முடியும்.

பழைய பெட்டியின் மூடியைத் திறந்தால் பியூஸ் கட்டைகள் வரிசையாகச் செருகியிருக்கும். வெள்ளைப் புள்ளி 5 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, சிவப்பு 30, பச்சை 45. நம் ஊர்ப் பீங்கான் கட்டையில் கம்பி கட்டுவது போலவே இதிலும் கட்டலாம் என்பதால், ஊரில் பியூஸ் போட்டுப் பழகியவருக்கு இதில் ஆபத்து இருப்பதாகவே தோன்றாது. ஆனால் பியூஸ் கம்பி அதிக லோடுக்கு உருகுமே தவிர, ஒருவர் உடம்பு வழியாக மின்சாரம் தரைக்கு இறங்கும்போது உருகாது. புதிய பெட்டியில் உள்ள ஆர்.சி.டி. என்ற கசிவுப் பாதுகாப்புச் சுவிட்ச், 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். பல சர்க்யூட்டுக்குச் சேர்த்து ஒரே ஆர்.சி.டி. என்றில்லாமல், ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனித்தனி ஆர்.சி.பி.ஓ. (கசிவு, அதிக லோடு இரண்டுக்கும் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்த பெட்டிக்கு விலை கூடுதல்தான். ஆனால் கெட்டிலில் கசிவு வந்தால் கெட்டில் இருக்கும் சர்க்யூட் மட்டும் அணையும், பாதி வீடு இருளாது. அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கவே நான் சொல்வேன்.

மிச்சப் பணத்தில் பெரும்பகுதி சோதனைக்குப் போகிறது. ஒவ்வொரு சர்க்யூட்டிலும் 500 வோல்ட் செலுத்தி இன்சுலேஷன் பார்க்க வேண்டும். அளவு 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. என் வீட்டில் ஒரு லைட் சர்க்யூட் 0.3 காட்டியது. எலக்ட்ரீஷியன் மாடிப்படியில் உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார். இரண்டு மணி நேரம் கழித்து, தோட்டத்து விளக்கின் மூட்டில் மழைநீர் இறங்கிப் பச்சையாகக் களிம்பேறிய செம்புக் கம்பியைக் கொண்டுவந்து காட்டினார். பழைய பியூஸ் அந்தப் பழுதை எத்தனை ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்ததோ. ஈரம் ஏறிக் கசிவு கூடினால் புதிய பெட்டி டிரிப் ஆகிவிடும்.

இன்னொரு பகுதி சான்றிதழுக்கு. இங்கிலாந்தில் 2005 முதல் நடப்பில் இருக்கும் ‘பார்ட் பி’ (Part P) என்ற வீட்டு மின்வேலைக்கான கட்டட விதிப்படி, பியூஸ் பெட்டி மாற்றுவது கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டிய வேலை. என்.ஐ.சி.இ.ஐ.சி., நாப்பிட் போன்ற அமைப்புகளில் பதிவு செய்தவர் அதைத் தாமே சான்றளித்துத் தெரிவித்துவிடலாம். வேலை முடிந்ததும் சோதனை அளவுகள் எழுதிய மின் நிறுவல் சான்றிதழும், பிறகு கட்டட விதி இணக்கச் சான்றிதழும் உங்கள் கைக்கு வர வேண்டும்.

என் முதல் வீட்டுக்கு 380 பவுண்டு என்று சொன்ன ஒருவரை, மலிவாக இருக்கிறதே என்று ஒப்புக்கொண்டேன். பெட்டியை மாட்டிய பிறகு கேஸ், தண்ணீர்க் குழாய்களுக்கான ஆர்த் கம்பிக்குத் தனியாக 150 கேட்டார். சோதனை எதுவும் செய்யவில்லை, சான்றிதழும் வரவில்லை. சில ஆண்டுகள் கழித்து அந்த வீட்டை விற்கும்போது, வாங்குபவரின் வழக்கறிஞர் முதலில் கேட்டது அந்தக் காகிதத்தைத்தான். புதியவர்கள் யாரும் அந்த அலைச்சலைப் படக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எட்டு முதல் பத்து சர்க்யூட் உள்ள சாதாரண வீட்டுக்கு, ஆர்.சி.பி.ஓ. பெட்டி, சோதனை, சான்றிதழ் எல்லாம் சேர்த்து 600 முதல் 900 பவுண்டு வரை சொன்னால் நியாயம் என்று கொள்ளலாம். லண்டனில் அதற்கு மேலும் போகும். மூன்று பேரிடம் விலை கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். 20 சதவீத ‘வாட்’ வரி சேர்ந்த தொகையா என்று பாருங்கள். வரிப் பதிவு இல்லாத சிறு தொழில்காரரின் விலையையும் நிறுவனத்தின் விலையையும் ஒப்பிடும்போது பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். 10 சதுர மில்லிமீட்டர் ஆர்த் கம்பி குழாய்களுக்கு ஏற்கெனவே இருக்கிறதா, இல்லையென்றால் போடும் செலவு இந்தத் தொகையில் அடக்கமா என்றும் கேளுங்கள். சோதனையில் பழுது தெரிந்தால் மணிக்கு எவ்வளவு என்பதை வேலை தொடங்கும் முன்பே பேசி முடியுங்கள். சாமானை நானே வாங்கித் தருகிறேன் என்று நம் ஊர் வழக்கத்தில் சொல்ல வேண்டாம். தாம் வாங்காத பொருளுக்கு உத்தரவாதம் தர அவர்கள் தயங்குவார்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது மின் சோதனை செய்து அறிக்கை தருவது இங்கிலாந்தில் வீட்டு உரிமையாளரின் கடமை; அந்த அறிக்கையை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சொந்த வீடென்றால், கடைசித் தவணையாக ஒரு சிறு தொகையை மின் நிறுவல் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பதிவு செய்த எலக்ட்ரீஷியன் இதற்கு மறுப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை.