பிள்ளையின் முதல் அம்பு: 500 என்ற எண்ணை நம்பி வாங்காதீர்கள்

வீட்டில் 20 பவுண்டு ரீகர்வ் வில் (நுனிகள் முன்னோக்கி வளைந்தது), பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை. ஷாப்பியைத் திறந்து ‘அனாக் பானா’ (மலாயில் அம்பு) என்று தட்டினால் கண்ணில் படுவது ‘மிக்ஸ் கார்பன், ஸ்பைன் 500, 12 அம்பு’ போன்ற விளம்பரங்கள்தான். ‘ஸ்பைன்’ என்பது அம்பு எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் எண். விலை மலிவு, இறகு பளபளப்பு. ஆனால் அது பெரியவர்களின் வில்லுக்கான அம்பு. பிள்ளைக்கு எது பொருந்தும் என்று தெரிய இரண்டு அளவுகள் எடுத்தாக வேண்டும்.

முதலில் வில்லின் உண்மையான பாரம்

வில்லில் அச்சிட்டிருக்கும் 20 பவுண்டு, நாணை 28 அங்குலம் இழுத்தால் வருவது. பிள்ளையின் கை அவ்வளவு தூரம் போகாது. இரு கைகளையும் பக்கவாட்டில் விரிக்கச் சொல்லி, விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து, 2.5 ஆல் வகுங்கள். 140 சென்டிமீட்டர் என்றால் 55 அங்குலம், வகுத்தால் 22.

அடுத்து, விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுப்போமே, அந்தக் கொக்கித் தராசு போதும். கொக்கியை நாணில் மாட்டி 22 அங்குலம் வரை பெரியவர் ஒருவர் இழுக்கட்டும். தராசு 6.5 கிலோ காட்டினால் 2.2 ஆல் பெருக்குங்கள்: சுமார் 14 பவுண்டு. அம்பு தேட இந்த 14தான் கணக்கு. நாணை மெதுவாகத் தளர்த்துங்கள். அம்பில்லாமல் வெடுக்கென்று விட்டால் வில் விரிசல் விடும்.

நீளம்

நீளமான அம்பு ஒன்றை மாட்டி, முழுதாக இழுத்த நிலையில் ரைசரின் (வில்லின் நடுவே கைப்பிடி உள்ள பகுதி) முன்பக்கம் வரும் இடத்தில் மற்றொருவர் பக்கவாட்டில் நின்று பேனாவால் குறிக்க வேண்டும். அதிலிருந்து 2 அங்குலம் கூட்டிக்கொள்ளுங்கள். வளரும் பிள்ளைக்கு 3 கூட வைக்கலாம். குட்டையாக மட்டும் வாங்காதீர்கள். இழுக்கும்போது முனை ரெஸ்டை (வில்லில் அம்பு தாங்கும் இடம்) தாண்டி உள்ளே விழுந்தால், விடுபட்ட அம்பு வில் பிடித்த கையில் பாயும்.

ஸ்பைன்: எல்லாரும் தடுக்கி விழும் இடம்

எண் பெரிதானால் அம்பு பலம் என்று நினைப்பது இயல்பு. நேர் எதிர். 28 அங்குல இடைவெளியில் இரு முனையிலும் தாங்கி வைத்த அம்புத்தண்டின் நடுவில் சுமார் 880 கிராம் எடையைத் தொங்கவிடுவார்கள். அரை அங்குலம், அதாவது 0.500 வளைந்தால் அது 500. ஒரு முழு அங்குலம் வளைந்தால் 1000. ஆக, எண் கூடக் கூட அம்பு இளகும்.

விரலால் நாணை விடும்போது அம்பு ஒருமுறை வளைந்து, ரைசரைச் சுற்றிக்கொண்டுதான் வெளியேறும். 14 பவுண்டு வில்லுக்கு 500 அம்பை வளைக்கத் தெம்பு கிடையாது. வளையாத அம்பின் வால் ரைசரில் ‘டக்’கென்று இடிக்கும், வலது கைக்காரருக்கு அம்பு இடப்பக்கம் ஒதுங்கும். நாமோ, ‘விரலை ஒழுங்கா விடு’ என்று பிள்ளையைத் திட்டிக்கொண்டிருப்போம். சந்தேகம் வந்தால் ரைசரின் பக்கவாட்டில் முகப்பவுடரை லேசாகத் தடவி நாலு அம்பு விடச் சொல்லுங்கள். பவுடரில் கோடு விழுந்து, இறகின் ஓரம் வெளுத்திருந்தால் குற்றம் பெரும்பாலும் அம்பின் மேல்.

மேலே கணக்கிட்ட 14 பவுண்டுக்கும் 25 அங்குல அம்புக்கும் கார்பன் என்றால் 1000க்கு மேல் தேடுங்கள். என் ஓட்டு அலுமினியத்துக்கு: 1416 அல்லது 1516. முதல் இரண்டு இலக்கம் விட்டம், அங்குலத்தின் 64 பங்கில். கடைசி இரண்டு சுவரின் தடிப்பு, ஆயிரத்தில். 1516 என்றால் 15/64 அங்குல விட்டம், 0.016 அங்குலச் சுவர். இதன் ஸ்பைன் 1400ஐ ஒட்டி வரும்.

ஏற்கெனவே 700 வாங்கிவிட்டீர்களா? வெட்டாமல் முழு நீளத்தில் விடுங்கள், 100 கிரெய்ன் (சுமார் 6.5 கிராம்) முனைக்குப் பதில் 125 போடுங்கள். நீளமும் முன்பாரமும் அம்பை இளக்கும். ஓரளவு சமாளிக்கலாம். 500ஐ எந்த முனை போட்டும் 14 பவுண்டு வில்லுக்குப் பணிய வைக்க முடியாது.

எத்தனை, எந்த வகை

மட்டமான 12ஐவிட ஒரே அளவில் நல்ல 6 மேல். மூன்று மூன்றாக விட, மூன்று கையிருப்பு. திடல் ஓரத்தில் லாலான் புல் இருந்தால் அம்பு அதனடியில் படுத்துவிடும். நாக் (நாணில் மாட்டும் பிளவுள்ள வால்நுனி) மஞ்சளோ ஆரஞ்சோ இருக்கட்டும், பச்சை வேண்டாம். மரம், மூங்கில் அம்புகள் அழகுதான். நம் ஊர் ஈரத்துக்கு வளைந்துகொள்ளும். கண்ணாடி மேசையில் உருட்டினால் குதிப்பது தெரியும்.

முனை, பிராட்ஹெட்

வேட்டைக் காணொளி பார்த்த பிள்ளை பிராட்ஹெட் கேட்கும். வாங்கித் தராதீர்கள். கத்தி போன்ற அந்த முனை பயிற்சி ஃபோமைக் கிழித்துவிடும், இழுத்தெடுக்கும்போது விரலையும். அமெரிக்காவில் மான் வேட்டைக்குச் சில மாநிலங்கள் குறைந்தது 40 பவுண்டு வில் கேட்கின்றன. 14 பவுண்டுக்கு அங்கே இடமே இல்லை. இங்கே மலேசியத் தீபகற்பத்தில், 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட விலங்கை உரிமமின்றி வேட்டையாடுவது குற்றம். கத்திவிளிம்பில்லாத, கூம்பு வடிவ ஃபீல்ட் பாயிண்ட் போதும். வேட்டைக்குப் போகும் பெரியவர்களும் பயிற்சிக்கு பிராட்ஹெட்டின் அதே கிரெய்ன் எடையில் இதைத்தான் மாட்டுகிறார்கள்.

பின்னர் சேர்த்தவை

முனை கழன்று ஃபோமுக்குள்ளேயே தங்கிவிடுகிறதா? ஹாட் கிளூவால் ஒட்டிய அம்பை வெயிலில் நிறுத்திய காரில் வைத்தால் பசை இளகும். மறுபடி ஒட்டும்போது முனையை இடுக்கியால் பிடித்து முனையை மட்டும் சூடேற்றிப் பசை தடவுங்கள். கார்பன் தண்டில் நெருப்பு படக்கூடாது. எபோக்சி கழலாது, ஆனால் பின்னால் முனை மாற்ற முடியாது.

நாக் பொருத்தம்: அம்பை நாணில் மாட்டி, முனை தரையைப் பார்க்கத் தொங்கவிட்டு, நாணை ஒரு விரலால் தட்டுங்கள். தானாக விழுந்தால் தளர்வு. இரண்டு மூன்று தட்டுக்கும் அசையாவிட்டால் இறுக்கம். தொங்கி, ஒரு தட்டில் விழ வேண்டும்.

கார்பன் அம்பு எதிலாவது மோதினால், அடுத்து விடுமுன் இரு முனையையும் பிடித்து, உடலுக்கு அப்பால் லேசாக வளைத்துச் சுற்றுங்கள். மொறமொறவென்று சத்தம் கேட்டாலோ, நார் தெரிந்தாலோ, அங்கேயே இரண்டாக முறித்துக் குப்பையில் போடுங்கள். முழுதாகப் போட்டால் பிள்ளை திரும்ப எடுத்து வந்துவிடும்.