வடசென்னை வீட்டில் ஒரு சிறிய கலப்பின நாயைப் பராமரிப்பது எப்படி

"நாட்டு ரத்தம் கலந்தது, அதற்கு ஒன்றும் ஆகாது" என்று எங்கள் வியாசர்பாடித் தெருவில் பலரும் சொல்வார்கள். கலப்பின நாய்களுக்குச் சில பரம்பரைக் குறைபாடுகள் குறைவாக வரலாம் என்பது உண்மைதான். ஆனால் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் பார்வோ வைரஸும், உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலும் இனம் பார்த்துத் தொற்றுவதில்லை. ஏழெட்டுக் கிலோ எடையுள்ள நாயின் உடலில் நீரும் ரத்தமும் குறைவாகவே இருப்பதால், பெரிய நாய் தாங்கிக்கொள்ளும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் இதன் உயிரையே பறித்துவிடக்கூடும்.

முதலில் உணவு. வீட்டுச் சோற்றில் குழம்பை ஊற்றி வைக்கும் பழக்கத்தை உடனே நிறுத்த வேண்டும், ஏனெனில் குழம்பில் கரைந்திருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி இறைச்சியைக் குழைந்த சோற்றுடன் பிசைந்து, காலையும் மாலையும் அளவாகக் கொடுக்கலாம். காசிமேட்டிலிருந்து வாங்கி வரும் மீனையும் வேகவைத்து, முள்ளை முழுவதும் நீக்கிய பிறகு கொடுக்கலாம்; கருவாடு மட்டும் உப்பு மிகுந்தது என்பதால் வேண்டாம். சோறும் இறைச்சியும் மட்டுமே தொடர்ந்து போதுமான சத்தைத் தந்துவிடாது. கால்சியம் முதலியவற்றை எப்படிச் சேர்ப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். விலாப்புறத்தைத் தடவும்போது எலும்புகள் கையில் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்தித் தெரியக்கூடாது. அதுவே சரியான உடல்வாகு.

நாய் தன் உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் மூச்சிரைத்தே வெளியேற்றுகிறது. கடலையொட்டிய நம் பகுதியில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் மூச்சிரைப்பும் முழுப் பலன் தருவதில்லை. எனவே கோடையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழோ மொட்டை மாடியிலோ நாயைக் கட்டி வைக்காதீர்கள். வெளியே அழைத்துச் செல்லும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாத சூட்டை அதன் பாதமும் தாங்காது. நாய் நாக்கு சிவந்து, எச்சில் வழிந்து, தள்ளாடினால், சாதாரணத் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி, மின்விசிறியின் கீழ் கிடத்தி, காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு அருகில், வேப்பேரியில்தான் இருக்கிறது.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது உண்ணிச் சோதனையை. எங்கள் நாய் செவலை இரண்டு நாட்களாக முன்னங்காலை ஓயாமல் நக்கிக்கொண்டிருந்தது. சேறு ஒட்டியிருக்கும் என்றுதான் நினைத்தோம். விரல்களைப் பிரித்துப் பார்த்தபோது, உள்மடிப்பில் ஆமணக்கு விதை போல உப்பிய சாம்பல் நிற உண்ணி ஒன்றும், அதன் அருகில் எள்ளளவே இருந்த இரண்டு குட்டி உண்ணிகளும் தென்பட்டன. அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் காது மடலின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடி, அக்குள், வால் அடிப்பகுதி, விரலிடுக்கு ஆகிய இடங்களை விரல் நுனியால் தடவிப் பார்க்கிறோம். உண்ணி கிடைத்தால் தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவதும், தீக்குச்சியால் சுடுவதும், விரலால் நசுக்குவதும் கூடாது. பெண் உண்ணி நாயை விட்டு இறங்கிச் சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதால், நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. விரிப்பை வெந்நீரில் துவைத்து, விரிசல்களையும் பூசி அடைக்க வேண்டும். மாட்டுக்குத் தெளிக்கும் மருந்தை மருத்துவரைக் கேட்காமல் சிறிய நாயின் மேல் ஊற்றவே கூடாது. சாப்பாட்டைத் தொடாமல் படுத்திருப்பது, ஈறு வெளுப்பது, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தோன்றுவது, மூக்கில் ரத்தம் வடிவது ஆகியவை உண்ணிக் காய்ச்சலின் அறிகுறிகளாக இருக்கலாம். தொடக்கத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்து மருந்து தொடங்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசியின் முதல் ஊசியைப் போட்டு, 16 வாரம் ஆகும் வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் தொடர வேண்டும். ரேபிஸ் தடுப்பூசியை மூன்று மாதத்தில் தொடங்கி, மருத்துவர் குறிக்கும் தேதிகளில் தவறாமல் போட வேண்டும். அந்தச் சான்றிதழைப் பத்திரமாக வையுங்கள். மாநகராட்சி உரிமம் பெற அது தேவை. நாய் யாரையாவது கடித்தாலோ பல் பட்டாலோ, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்கு அன்றே செல்ல வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் எலிக்காய்ச்சலை மறக்கக்கூடாது. எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் நாய் இறங்கினால் கிருமி சிறு கீறல் வழியாகக்கூட உள்ளே புகும். பிறகு நாயின் சிறுநீர் மூலம் வீட்டிலுள்ளவர்களுக்கும் தொற்றலாம். கூட்டுத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கானதும் சேர்ந்திருக்கிறதா என்று மருத்துவரிடம் வாய்விட்டே கேளுங்கள். தண்ணீர் தேங்கிய சந்தில் கட்டையான கால்களைக் கொண்ட நாய்க்கு வயிறு வரை நனையும், ஆகவே அங்கே அதைத் தூக்கிக்கொண்டு கடப்பதே நல்லது. இரவில் மீந்த சோற்றைத் தட்டில் விட்டு வைத்தால் பெருச்சாளி தேடி வரும். படுக்கும் முன் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, காலையில் தண்ணீர்க் கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, புதிய தண்ணீர் ஊற்றி வையுங்கள்.