கம்பைல் நடுவில் கரண்ட் போனால்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஆடிக் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அப்படியொரு மதியம் லினக்ஸுக்கான எக்ஸ்எஃப்சிஇ 4.18 டெஸ்க்டாப்பை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்துகொண்டிருந்தேன், அதாவது நிரலை இயங்கும் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். பேட்டரி செத்த பழைய லேப்டாப், பொட்டென்று அணைந்துவிட்டது. கரண்ட் வந்ததும் கம்பைல் வேலையை ஓட்டும் ‘மேக்’ கட்டளையை மறுபடி கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து ஓடி, துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்க் கட்டத்தில் ‘ஃபைல் ஃபார்மட் நாட் ரெகக்னைஸ்டு’ என்று நின்றது.

அணைந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த டாட் ஓ ஃபைல் (ஒரு மூலநிரல் ஃபைலை கம்பைல் செய்தால் கிடைக்கும் துண்டு) பூஜ்ஜிய பைட்டில் கிடந்ததுதான் காரணம். மேக் ஃபைல் மாறிய நேரத்தை மட்டும் பார்க்கும். உள்ளே சரக்கு இருக்கிறதா என்று பார்க்காது. இதற்காக மேக் க்ளீன் அடித்து, கம்பைல் ஆனதையெல்லாம் அழித்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்ட வேண்டாம். அந்தக் காலி ஃபைல்களை மட்டும் அழித்துவிட்டு மேக் கொடுங்கள். டாட் லிப்ஸ் என்ற மறைந்த ஃபோல்டரிலும் தேடுங்கள், அங்கேதான் பெரும்பாலும் ஒளிந்திருக்கும். அதே பெயரில் வெளியே டாட் எல்ஓ ஃபைல் (டாட் ஓ எங்கே இருக்கிறது என்று குறித்து வைப்பது) இருந்தால் அதையும் சேர்த்து அழிக்க வேண்டும். இல்லாவிட்டால் அழிந்த டாட் ஓ ஃபைலை மேக் திரும்பிக்கூடப் பார்க்காது.

அப்புறம், எக்ஸ்எஃப்சிஇயின் அடிப்படைப் பகுதிகளை கம்பைல் செய்யும் வரிசை முக்கியம்: முதலில் லிப்எக்ஸ்எஃப்சிஇ4யூடில், அடுத்து எக்ஸ்எஃப்கான்ஃப், பிறகு லிப்எக்ஸ்எஃப்சிஇ4யூஐ. ஒன்றை இன்ஸ்டால் செய்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.