ஐ-94 சாலையில் மூன்று ஸ்டேடியங்கள்: பேஸ்பால் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் மில்வாக்கி, சிகாகோ, டெட்ராய்ட் ஆகிய மூன்று ஊர்களையும் ஐ-94 என்ற ஒரே நெடுஞ்சாலை கோத்துக்கொண்டு போகிறது. மூன்றிலும் பெரிய லீக் பேஸ்பால் அணிகள் இருக்கின்றன. நாலு நண்பர்கள், ஒரு கார், சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் போதும், "மூணு ஸ்டேடியத்தையும் பார்த்துடலாமே" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் ஹோட்டலையும் வழியையும் முதலில் முடிவு செய்துவிட்டு, கடைசியில் டிக்கெட் தேட உட்கார்ந்தால் அங்கேயே பயணம் கோணலாகிவிடும். ஓர் அணி சீசனில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அதில் 81 தான் சொந்த ஊரில். மற்ற நாட்களில் வாரக்கணக்கில் வெளியூர் போய்விடும். ஜூலை நடுவில், எல்லா அணிகளின் நட்சத்திர வீரர்களும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்காகச் சில நாள் எங்குமே லீக் ஆட்டம் கிடையாது. அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த ஊரில் எந்த நாள் ஆட்டம் என்று பார்த்து, அதற்கேற்ப வழியை அமைக்க வேண்டும்.

வழி என்றதும் கடிகாரம். இதை நாங்களே அனுபவித்தோம். சிகாகோவிலிருந்து டெட்ராய்ட் சுமார் 280 மைல், நாலரை மணி நேரம். ஆட்டம் பகல் 1:10-க்கு. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் பன்னிரண்டரைக்குப் போய்விடலாம், நிதானமாகப் பார்க்கிங் தேடலாம் என்று கணக்குப் போட்டோம். மிச்சிகன் எல்லையைத் தாண்டியதும் கைபேசியில் மணி ஒரு தாவு தாவியபோதுதான் உறைத்தது: சிகாகோ மத்திய நேரம், டெட்ராய்ட் கிழக்கு நேரம். இருக்கையில் போய் உட்கார்ந்தபோது ஒன்பதில் மூன்றாவது இன்னிங்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதே பயணத்தை டெட்ராய்டில் தொடங்கி மேற்கே வந்திருந்தால் ஒரு மணி நேரம் லாபமாகியிருக்கும்.

கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்குத் தாமதம் பெரிய விஷயமாகத் தோன்றாது. கொஞ்சம் தள்ளிப் போனால் என்ன, நாள் முழுக்க நடக்கும்தானே என்ற எண்ணம். ஆனால் இங்கே 2023-இல் பந்து வீசும் பிட்சருக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். குறித்த நொடிகளுக்குள் பந்தை வீசியாக வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு சராசரியாக மூன்று மணி நேரத்துக்கு மேல் போன ஆட்டம், இப்போது சுமார் இரண்டே முக்கால் மணிக்குள் முடிந்துவிடுகிறது. முதல் அரை மணியைத் தவறவிட்டால் ஆட்டத்தில் நல்ல பங்கு போய்விட்டது என்று அர்த்தம். தாமதமாக வந்தால் இன்னொன்று: பேட்டர் ஆடிக்கொண்டிருக்கும்போது படிகளில் இறங்கி இருக்கைக்குப் போகப் பல இடங்களில் விடமாட்டார்கள். மேலேயே நிறுத்திவைப்பார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மழை விஷயத்தில் உள்ளூர்க்காரருக்கும் வழிப்பயணிக்கும் நிலைமை வேறு. ஆட்டம் ரத்தானால், தள்ளிவைத்த நாளுக்கு அதே டிக்கெட் செல்லும் என்பதுதான் பெரும்பாலும் ஏற்பாடு. உள்ளூர்க்காரருக்குச் சரி. நாம் அன்றைக்கு எங்கே இருப்போமோ! ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபிறகு மழையால் நிறுத்தினால் அது முழு ஆட்டமாகவே கணக்கில் வரும். எனவே மழை வாய்ப்புள்ள நாளுக்கு மில்வாக்கியை வைப்பது புத்திசாலித்தனம். 2001-இல் திறந்த அந்த ஸ்டேடியத்துக்கு விசிறிபோல் மூடித் திறக்கும் கூரை இருக்கிறது. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் அப்படி எதுவும் கிடையாது. மிச்சிகன் ஏரி பக்கத்திலேயே இருப்பதால் ஏப்ரல், மே இரவுகளில் காற்று எலும்பைத் துளைக்கும். டி-ஷர்ட்டோடு போய்விட்டு, பாதி ஆட்டத்தில் ஸ்டேடியம் கடையில் யானை விலைக்கு ஸ்வெட்டர் வாங்குகிறவர்களை எப்போதும் பார்க்கலாம்.

ரிக்லி ஃபீல்டுக்குக் காரில் போவது எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு. 1914-இல், காரே அபூர்வமாக இருந்த காலத்தில், குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவே கட்டிய மைதானம் அது. இரவு ஆட்டமென்றால் சுற்றுத் தெருக்களில் அங்கே குடியிருப்பவர்களின் வண்டிக்கு மட்டும்தான் அனுமதி. காரை வெளியே விட்டுவிட்டு ரெட் லைன் ரயிலில் அடிசன் நிலையத்தில் இறங்கினால் மைதானம் எதிரே நிற்கும். மில்வாக்கியில் நேர்மாறு. அங்கே பார்க்கிங்தான் பாதித் திருவிழா. ஆட்டத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வந்து, காருக்குப் பின்னால் அடுப்பு மூட்டி, சாசேஜ் வாட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். டெயில்கேட் என்பார்கள். கடைசி நேரத்தில் போனால் கரிவாசம் மட்டும்தான் மிஞ்சும். மசாலா தடவிய கோழியோடு போகிறவர்களுக்குப் பக்கத்துக் காரில் உடனே நண்பர்கள் கிடைப்பார்கள்.

பயணப் பெட்டிகளைக் கார் சீட்டில் கண்ணில் படும்படி விட்டுப் போகாதீர்கள்; முடிந்தால் ஹோட்டலில் போட்டுவிட்டு வாருங்கள். பை அளவு ஸ்டேடியத்துக்கு ஸ்டேடியம் மாறும். ஒன்றில் அனுமதித்த பையை அடுத்ததில் வாசலிலேயே நிறுத்துவார்கள். டிக்கெட் கைபேசியில்தான் இருக்கும், எனவே நாலு பேர் டிக்கெட்டும் ஒரே கைபேசியில் இருந்து, அதில் மூன்று சதவீத சார்ஜ் மிஞ்சியிருக்கும் நிலைமை வேண்டாம்.

இருக்கை எடுக்கும்போது விலையை மட்டும் பார்க்கக் கூடாது. ரிக்லி பழைய கட்டடம் என்பதால் பின்வரிசைகளில் தூண்கள் மறைக்கும். அங்கே பகல் ஆட்டத்துக்கு, மூன்றாவது பேஸ் பக்கத்து (பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து மைதானத்தைப் பார்த்தால் இடது பக்கம்) மேல்வரிசைகளில் நிழல் சீக்கிரம் விழும். எதிரே முதல் பேஸ் பக்கம் உட்கார்ந்தால் மாலை வெயில் அடிக்கும்.

இனி பந்து. கூட்டத்துக்குள் வரும் பந்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டுக்கே கொண்டுபோகலாம். கிரிக்கெட் ரசிகர்களுக்கு இதை நம்பவே கொஞ்ச நேரமாகும். ஒரு விதிவிலக்கு: ரிக்லியில் எதிரணி சுவரைத் தாண்டி அடித்த ஹோம் ரன் பந்து கையில் கிடைத்தால், மைதானத்துக்குள்ளேயே திரும்ப வீசிவிடுவது அங்கத்திய வழக்கம். வைத்துக்கொண்டால் சட்டம் ஒன்றும் செய்யாது, சுற்றியுள்ளவர்கள் சும்மா விடமாட்டார்கள். வலை இல்லாத இருக்கையில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து. ஆட்டத்தில் இருக்கும் பந்துக்காகச் சுவரைத் தாண்டிக் கை நீட்டுவதும் கூடாது. 2003 அக்டோபரில் ரிக்லியில், அதைச் சொந்த மைதானமாகக் கொண்ட கப்ஸ் அணி 3-0 என்று முன்னிலையில் இருந்தது. இன்னும் ஐந்து அவுட் எடுத்தால், சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடருக்குப் போய்விடலாம். எல்லைக் கோட்டுக்கு வெளியே, சுவரோரம் வந்த ஃபவுல் பந்துக்குச் சிலர் கை நீட்ட, ஒருவர் கையில் பட்டு, பிடிக்க வந்த கப்ஸ் வீரர் மொய்சஸ் ஆலுவுக்குக் கிடைக்காமல் போனது. அதே இன்னிங்ஸில் எதிரணி எட்டு ரன் எடுத்தது. அந்த ரசிகரைக் காவலர்கள் சூழ்ந்து வெளியே அழைத்துப்போக வேண்டியதாயிற்று. 1908-க்குப் பிறகு 2016-இல்தான் கப்ஸ் மறுபடி உலகத் தொடரை வென்றது. அடுத்த ஆண்டு, அணியே அவருக்கு ஒரு சாம்பியன் மோதிரம் கொடுத்தது.

சாப்பாட்டில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது: சிகாகோவில் ஹாட் டாக் என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி, மில்வாக்கியின் பிராட்வர்ஸ்ட் என்ற சாசேஜ் பெரும்பாலும் பன்றி. கேட்டுவிட்டு வாங்குங்கள். சைவத்துக்கு வேர்க்கடலை, பிரெட்செல், நாச்சோஸ். கடலைத் தோலைக் காலடியிலேயே போடலாம். பீர் வாங்கப் பாஸ்போர்ட் வேண்டியிருக்கும், வெளிநாட்டு லைசென்ஸை நம்பிப் போகாதீர்கள். அடுத்த ஊருக்கு ஓட்டப்போவது யார் என்பதை முதல் கிளாஸுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

கடைசி அவுட் விழுந்ததும் ரயிலைப் பிடிக்க ஓட வேண்டாம். அடிசன் நிலையத்தில் கூட்டம் நெரியும். ரிக்லியில் ஸ்கோர்போர்டின் மேலே கொடி ஏறும்: வெள்ளையில் நீல டபிள்யூ என்றால் கப்ஸ் வென்றது, நீலத்தில் வெள்ளை எல் என்றால் தோற்றது. அதைப் பார்த்துக்கொண்டு அரை மணி உட்கார்ந்திருந்தால் ரயிலில் இடம் கிடைத்துவிடும்.