பேரூராட்சித் தேர்தலில் வார்டு ஓட்டை எண்ணிப் போடுவது எப்படி

சட்டமன்றத் தேர்தலில் போடுகிற மாதிரி பேரூராட்சித் தேர்தலில் ஓட்டுப் போடாதீர்கள். அங்கே தொகுதிக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஓட்டு, நம் வீட்டு ஓட்டு ஆற்றில் கரைத்த புளி. வார்டுக் கணக்கே வேறு. 2022 பிப்ரவரியில் எங்கள் வார்டில் பதிவானது 560 சொச்சம் ஓட்டு, ஜெயித்தவருக்கும் அடுத்து வந்தவருக்கும் வித்தியாசம் 11. பதினொன்று என்றால் எங்கள் தெருவில் நாலு வீடு. தண்ணீருக்காக அலைந்தவருக்குப் போடுவதா, பங்காளி மகனுக்குப் போடுவதா என்று கடைசி நாள்வரை பேசிப் பேசி முடிவெடுக்காமல், ஒரே வீட்டுக்குள் இரண்டு பேருக்கும் பிரித்துப் போட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நாள் கணக்கு. அந்தத் தேர்தலை 2022 ஜனவரி 26 அறிவித்தார்கள், பிப்ரவரி 19 ஓட்டுப்பதிவு, 22 எண்ணிக்கை, மார்ச் 2 பதவியேற்பு. அறிவிப்புக்கும் ஓட்டுக்கும் நடுவில் ஒரு மாதம்கூட இல்லை. அந்த ஐந்து வருடம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கு முந்தைய தடவை, 2016இல் அறிவித்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்து, பிறகு 2022 வரை கவுன்சிலர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்தான் ஊரைப் பார்த்துக்கொண்டார். அதனால் தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறிவிப்பு வந்த பிறகு எல்லோரும் கொடி கட்டத்தான் ஓடுவார்கள், உட்கார்ந்து பேச யாரும் கிடைக்கமாட்டார்கள்.

வாக்காளர் பட்டியலை இப்போதே பாருங்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கென்று தனியாகப் பெயர் சேர்ப்பதில்லை, சட்டமன்றப் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரிப்பார்கள். அதில் பெயர் இல்லையென்றால் இதிலும் இல்லை. 2025 கடைசியில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் (எஸ்ஐஆர்) ஏராளமான பெயர்கள் போய்விட்டன, ஆகவே போன தடவை இருந்ததே என்ற நம்பிக்கை வேண்டாம். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் படிவம் 8. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய் அங்கேயே வீடு எடுத்துத் தங்கிவிட்ட பிள்ளைகளிடம் எந்த ஊரில் ஓட்டு வேண்டும் என்று கேட்டு ஒரு முடிவுக்கு வாருங்கள். அப்புறம் வார்டு எல்லை. எங்கள் தெருவில் வடக்கு வரிசை ஒரு வார்டு, தெற்கு வரிசை இன்னொரு வார்டு. வாய்க்கால் ஒன்றுதான், ஆனால் அதைத் தூர்வாரச் சொல்ல இரண்டு கவுன்சிலர்களிடம் போக வேண்டும். வேட்பாளர்களிடம் பேசும்போது இரண்டு வரிசைக்காரர்களும் சேர்ந்து போனால்தான் வேலை ஆகும்.

அடுத்தது, பலரும் குழம்புகிற இடம். ஊராட்சி என்றால் ஒரு ஆளுக்கு நாலு ஓட்டு, வார்டு உறுப்பினர் முதல் மாவட்ட கவுன்சிலர் வரை. பேரூராட்சியில் ஒரே ஒரு ஓட்டு, அது வார்டு கவுன்சிலருக்கு. சேர்மனை, அதாவது பேரூராட்சித் தலைவரை, நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 2011இல் நேரடியாகப் போட்டோம், 2022இல் மறைமுகத் தேர்தலாகிவிட்டது. கவுன்சிலர்கள் மார்ச் 4 அன்று கூடி அவர்களுக்குள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று தமிழ்நாட்டில் பல ஊர்களில் என்ன நடந்தது என்று நினைவிருக்கும். கூட்டணிக் கட்சிக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்கு அப்போதைய ஆளுங்கட்சியான திமுகவினரே போட்டியிட்டு ஜெயித்தார்கள், அப்படி ஜெயித்தவர்கள் விலக வேண்டும் என்று முதலமைச்சரே அறிக்கை விட வேண்டியதாயிற்று. ஆகவே வாசலுக்கு வருகிற வேட்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி சாக்கடையைப் பற்றியது அல்ல, "சேர்மன் தேர்தல்ல நீங்க யாருக்குங்க போடுவீங்க?" என்பதுதான். கட்சிக்காரர் என்றால் தலைமை சொன்னபடி என்பார். சரி, தலைமை யாரைச் சொல்லும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். சுயேச்சை என்றால் இன்னும் அழுத்திக் கேளுங்கள், ஏனென்றால் பதினைந்து வார்டு உள்ள ஊரில் ஏழுக்கு ஏழு என்று வந்துவிட்டால் அந்த ஒரு சுயேச்சையை வைத்துத்தான் ஐந்து வருடம் நகரும். அப்படிப்பட்டவர் நம் வார்டுக்காரராக இருந்தால் தொட்டியும் தார்ச்சாலையும் நம் பக்கம் வரலாம், இல்லையென்றால் அவர் வீட்டில் மட்டும் கார் நிற்கலாம். அந்தக் கேள்விக்கு வருகிற பதிலை நாலு பேர் முன்னால் வாங்குங்கள்.

இப்போது தெருக்கூட்டம். வேட்புமனு முடிந்து கடைசிப் பட்டியல் வந்த அன்று ராத்திரியே கூடுங்கள். கோயில் திண்டில் கூட்டாதீர்கள். நம் பக்கத்தில் இன்னும் அங்கே வந்து உட்காரத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள், உட்கார வைக்கத் தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரே வார்டில் காலனி ஓட்டு நூற்றைம்பது இருக்கும்போது அவர்கள் இல்லாமல் கூடி எடுக்கிற முடிவு பாதி முடிவுதான், அதைவிட அது தப்பு. ரேஷன் கடை முன்னால், பள்ளிக்கூட மைதானத்தில் கூடுங்கள். பெண்கள் எண்ணிக்கை குறைவாக இருந்தால் அவர்கள் வரும்வரை ஆரம்பிக்காதீர்கள், ஏனென்றால் குழாயில் எப்போது தண்ணீர் வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் அத்தை அந்தத் தேர்தல் சமயத்தில் ஒரு காரியம் செய்தார். மளிகைக் கடையில் கொடுக்கிற மாதக் காலண்டரில், பால் கணக்குக்குப் பக்கத்திலேயே, தண்ணீர் வந்த நாளெல்லாம் நீலப் பேனாவில் 'த' என்று போட்டு நேரத்தையும் எழுதி வைத்திருந்தார். த 2.40, எட்டு நாள் கழித்து த 3.15, அப்புறம் பதினொரு நாள் வெற்றுக் கட்டம். எல்லாம் நடுராத்திரி. வேட்பாளர் ஒருவர் ஆரத்தித் தட்டில் நூறு ரூபாய் போட்டுவிட்டு "நாலு நாளைக்கு ஒருக்கா தண்ணி வருதுல்லீங்கம்மா" என்று ஆரம்பித்தபோது, அத்தை ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். அவர் மாசி, தை, மார்கழி என்று மூன்று தாளையும் புரட்டிப் பார்த்துவிட்டு, கூட வந்தவரிடம் வால்வு யார் திறக்கிறது என்று கேட்டார். அந்த வார்டில் அந்தக் கேள்வியை ஒரு வேட்பாளர் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆகவே புகாராகச் சொல்லாதீர்கள், எழுதி வைத்துக் காட்டுங்கள். பத்துக் கோரிக்கை வேண்டாம், ஒன்றோ இரண்டோ போதும். எங்களுக்குத் தண்ணீர் நேரமும், சந்தை மறுநாள் குப்பை எடுப்பதும்.

சந்தை என்றதும் இன்னொன்று. பேரூராட்சிக்கு வீட்டுவரி, தண்ணீர் வரி போக, வாரச்சந்தைச் சுங்கம், பேருந்து நிலையக் கடை வாடகை, கட்டணக் கழிப்பிடக் குத்தகை என்று வருமானம் உண்டு. இந்த ஏலங்கள் யார் பெயரில் போகின்றன என்று ஊருக்குள் விசாரியுங்கள். வேட்பாளரின் மச்சான் பெயரில் போகிறது என்றால் அவர் மன்றத்தில் உட்கார்ந்து எந்த ஏலத்தைக் கேள்வி கேட்பார்?

ஓட்டுப் பிரிவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கதி. ஒரே தெருவில், ஒரே கோபத்தோடு மூன்று பேர் சுயேச்சையாக நின்றால் மூன்று பேரும் தோற்பார்கள். பேரூராட்சி வார்டுக்கு டெபாசிட் ஆயிரம் ரூபாய்தான், பட்டியல் சமூகத்தவருக்கும் பழங்குடியினருக்கும் ஐந்நூறு, அதனால் நிற்பது சுலபம். கோபத்தைக் காட்டுவதற்காக நிற்பதும் நம் மண்ணில் நடந்திருக்கிறது. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனு போட்டு, 1,033 வேட்பாளர்கள் நின்று, ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது. நாடே திரும்பிப் பார்த்தது. அது ஊருக்குக் குரல் கேட்க வைக்கிற வழி, ஜெயிக்கிற வழி அல்ல. இரண்டில் எது வேண்டும் என்று முதலிலேயே தீர்மானியுங்கள். ஜெயிக்க வேண்டுமென்றால், மனு வாபஸ் வாங்குகிற கடைசி நாளுக்கு முன்னால் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசி ஒருவரை நிறுத்துங்கள். அந்த நாள் மதியம் மூன்று மணிக்குப் பிறகு பேசிப் பிரயோசனமில்லை.

இப்படி ஒரே ஆள் என்று பேசி முடிப்பதற்கும், பெரிய மனிதர்கள் நாலு பேர் கூடி 'கோயிலுக்கு இவ்வளவு கொடுப்பவர் அன்னபோஸ்ட்' (போட்டியே இல்லாமல் தேர்வு) என்று முடிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பின்னதற்கு ஒத்துக்கொள்ளவே வேண்டாம். அது நம் ஓட்டை வேறொருவர் விற்பது.

ஒறம்பரைப் பேச்சு, அதாவது சொந்தக்காரர் பேச்சு, வரும். "மாப்ள, நம்ம கூட்டத்துப் பையன், பாத்துப் பண்ணுங்க" என்று நல்ல மனிதர் ஒருவர் வந்து கையைப் பிடிப்பார். சண்டை போட வேண்டாம், சரி என்றும் சொல்ல வேண்டாம். "வூட்ல எல்லாரும் கலந்து பேசித்தானுங் மாமா போடுவோம்" என்று சொல்லி அதோடு நிறுத்துங்கள், காபி கொடுத்து அனுப்புங்கள். சரி என்று சொல்லிவிட்டால் நம் ஆட்களுக்கு வாக்கு மீறுவது மனசில் உறுத்தும், அந்த உறுத்தலை நம்பித்தான் அவர் வருகிறார்.

பணமும் அப்படித்தான். 2022இல் கோவைப் பக்கம் வெள்ளிக் கொலுசும் ஹாட் பாக்ஸும் கொடுத்ததாகப் பேச்சு அடிபட்டது எல்லோருக்கும் தெரியும். கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம், ஒரு வருடம்வரை சிறைத் தண்டனை உண்டு. பேரூராட்சி வார்டு வேட்பாளர் செலவு செய்ய அனுமதித்த உச்சவரம்பு அந்தத் தேர்தலில் 17,000 ரூபாய். வீட்டுக்கு ஆயிரம் கொடுக்கிறவர் இருபது வீட்டோடு அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார், மீதியை எங்கே எடுப்பார் என்று வீட்டில் பேசுங்கள். கற்பூரம் அடித்து, பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிப் போயிருந்தால்? அந்தச் சத்தியம் உங்களைக் கட்டுப்படுத்தாது, மனசார உங்களுக்குப் பிடித்தவருக்குப் போடுங்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று எந்த ஆளும் கண்டுபிடிக்க முடியாது.

ஓட்டுப்பதிவு நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையிலேயே போங்கள். உங்கள் பெயரில் யாரோ போட்டுவிட்டார்கள் என்றால் அழுதுகொண்டே திரும்பி வராதீர்கள், அங்கேயே அதிகாரியிடம் டெண்டர் ஓட்டுக் கேளுங்கள், இப்படிப் பறிபோனவர்களுக்குத் தனியாக ஓட்டுச்சீட்டில் போடத் தருவது அது, உங்கள் உரிமை. இரண்டு பேருக்கும் சமமாக வந்துவிட்டால் குலுக்கல்தான், ஆகவே படுத்த படுக்கையாக இருக்கிற பாட்டியின் ஓட்டையும் ஆட்டோ வைத்துக் கூட்டிப்போய்ப் போட வையுங்கள்.

முடிவு வந்த பிறகுதான் நாம் அதிகம் தப்புச் செய்கிறோம். தோற்றவர் வாசலில் பட்டாசு வெடிப்பது, அப்புறம் இரண்டு வீட்டுக்கும் ஐந்து வருடம் பேச்சு இல்லாமல் போவது, சீருக்குக்கூடக் கூப்பிடாமல் விடுவது. நீங்கள் ஜெயித்த பக்கம் என்றால் அன்று சாயங்காலமே தோற்றவர் வீட்டுக்குப் போங்கள். வார்டு பூராவும் வாசல் வாசலாக ஏறி இறங்கியவர் அவர், எந்தச் சந்தில் விளக்கு எரியவில்லை என்பது அவருக்கும் தெரியும். நீங்கள் தோற்ற பக்கம் என்றால் "நாம அவருக்குப் போடலை, எந்த மூஞ்சிய வெச்சுட்டுப் போறது" என்று ஒதுங்காதீர்கள். ஜெயித்தவர் போட்டவர்களுக்கு மட்டும் கவுன்சிலர் அல்ல. 'உங்க தெரு எனக்குப் போடலையே' என்று அவர் வாய்விட்டுச் சொன்னால், அடுத்த தடவை எண்ணுகிறபோது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இப்போதைக்கு மனுவைக் கொடுங்கள்.

பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்றால் இன்னொரு கவனம் வேண்டும். 2016 சட்டத்தின்படி பாதி இடங்கள் பெண்களுக்கு. பல ஊர்களில் கணவர்தான் போனை எடுக்கிறார், கணவர்தான் அலுவலகத்தில் உட்காருகிறார். நீங்கள் அவரிடம் பேசினால் அது அப்படியே நிலைத்துவிடும். "அக்கா இருக்காங்களா, அவங்ககிட்டத்தானுங் பேசோணும்" என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள், தெருப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள். இரண்டு மாதத்தில் அந்த அக்காவே போனை எடுக்க ஆரம்பித்துவிட்டதை எங்கள் பக்கத்து வார்டில் பார்த்தேன்.

மன்றத்தைக் கவனிக்க ஆரம்பிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். 2022 மார்ச் 4 தலைவர்கள் வந்தார்கள், ஏப்ரல் 1 சொத்துவரி உயர்வு அறிவிப்பு வந்தது. குடியிருப்புக்கு 600 சதுர அடிவரை 25 சதவீதம், 1,200வரை 50, 1,800வரை 75, அதற்கு மேல் 100. எங்கள் தெருவில் பலருக்கும் அது ரசீது கைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. ஆகவே பதவியேற்ற முதல் மாதத்திலிருந்தே மன்றக் கூட்டம் எப்போது, பொருள் நிரலில் என்ன என்று விசாரியுங்கள். சொல்லவில்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப் ஒட்டித் தீர்மான நகல் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.

மனு எழுதும்போது ஒரு பிரதி கவுன்சிலருக்கு, ஒன்று செயல் அலுவலருக்கு, ஒன்று உங்களுக்கு. உங்கள் பிரதியில் அலுவலகச் சீலும் தேதியும் வாங்காமல் எழுந்து வராதீர்கள். "அப்புறம் வாங்குங்க, சார் மீட்டிங்ல இருக்காரு" என்றால் பெஞ்சில் உட்காருங்கள். எங்கள் அத்தை சந்தை நாளில் காய்கறிப் பையோடு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வாங்கி வந்த சீல் அந்தக் காலண்டருக்குப் பின்னால்தான் இன்னும் செருகியிருக்கிறது. இப்போது 'த' அஞ்சு நாளைக்கு ஒரு தடவை விழுகிறது, நேரம் காலை ஆறு.