பட்டினி போட்டால் மூளைக்கட்டி கரையுமா? கல்லணையை வரைந்து புரியவைக்கும் வழி

சித்தப்பாவுக்கு கிளையோபிளாஸ்டோமா என்கிற மூளைப் புற்றுக்கட்டி என்று பயாப்ஸி ரிப்போர்ட் வந்த வாரமே சித்தி அவருடைய ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். வயிற்றைக் காயப்போட்டால் ஆட்டோபேஜி, அதாவது செல் தன்னையே தின்பது, நடக்கும், கட்டியை உடம்பே தின்றுவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம். "நோபல் பரிசே குடுத்திருக்காங்களேடா" என்றார். கொடுத்தது வாஸ்தவம்தான், 2016இல் யோஷினோரி ஓசுமிக்கு. ஆனால் அது ஈஸ்ட் செல்லுக்குள் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்கு.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தால் சண்டை போடாதீர்கள். ரிப்போர்ட்டின் பின்பக்கம் கல்லணையை வரையுங்கள், நம்மூர்க்காரர்களுக்கு இதைவிடச் சுலபமான படம் கிடையாது.

மேலேயிருந்து வரும் தண்ணீர்தான் 'வளர்' என்று செல்லுக்கு வரும் சேதி. அதை வாங்கிக்கொள்வது செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் ஈஜிஎஃப்ஆர் என்ற புரதம். ரிப்போர்ட்டில் 'ஈஜிஎஃப்ஆர் ஆம்ப்ளிஃபிகேஷன்' என்று இருந்தால் அந்த ஜீன் பல பிரதி ஆகிவிட்டது, வரத்து ஓயாது என்று அர்த்தம். அங்கிருந்து சேதி பிரியும். பிஐ3கே, ஏகேடி, எம்டார் என்ற புரதங்கள் வழியாகப் போவதைக் காவிரி என்று எழுதுங்கள், ராஸ், எம்ஏபிகே என்று போவதை வெண்ணாறு என்று. பிடென் என்ற புரதம் காவிரிப் பக்கத்து ஷட்டர், பல பேருக்கு அது உடைந்தே கிடக்கும். சரி, மருந்தால் ஒரு ஆற்றை மட்டும் அடைத்தால்? தண்ணீர் அடுத்ததில் ஏறும். நுரையீரல் புற்றுநோயில் கைகொடுத்த ஈஜிஎஃப்ஆர் மாத்திரைகள் இங்கே எடுபடாததற்கு இது ஒரு காரணம், ரத்தத்திலிருந்து மருந்தை மூளைக்குள் சுலபமாக விடாத தடுப்பு இன்னொன்று.

அப்புறம் கடைமடைக்கு வாருங்கள். எம்டார் முழு வீச்சில் ஓடும்வரை ஆட்டோபேஜியை அமுக்கி வைத்திருக்கும். சத்து குறைந்தால் பிடி தளரும், செல் தன்னுள் பழுதானதையெல்லாம் பையில் கட்டி லைசோசோம் என்ற தன் செரிமானப் பையில் கரைத்து அதையே தின்னும். கட்டியின் நடுப்பகுதிக்கு ரத்தம் சரியாக எட்டாது, அதுதான் கடைமடை. மேட்டூர் திறக்காத வருஷம் குதிரில் கிடக்கிற விதைநெல்லையும் குத்தித் தின்று உயிரைப் பிடித்துக்கொள்கிற குடும்பம் மாதிரி அங்கே புற்றுசெல் தாக்குப்பிடிப்பது இப்படித்தான். டெமோசோலமைடு என்ற கீமோ மருந்திலும் கதிர்வீச்சிலும் அடிபட்ட செல்லுக்கும் இதுவே தப்பிக்கிற வழியாகலாம். அளவு மீறினால் செல் சாகவும் செய்யும் என்பதால் விஷயம் ஒரேயடியாக ஒரு பக்கமும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், மலேரியாவுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை இந்தக் கட்டிக்குச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது ஆட்டோபேஜியைத் தூண்ட அல்ல, தடுக்க. தாங்கக்கூடிய அளவில் கொடுத்தும் ஆயுள் கூடவில்லை.

படம் முடிந்ததும் அதே தாளில் டாக்டரிடம் கேட்க இரண்டு எழுதிக்கொள்ளுங்கள்: ஐடிஎச் ஜீனில் மாற்றம் உண்டா, எம்ஜிஎம்டி ஜீனில் மெத்திலேஷன் (ஜீனை அணைத்துவைக்கும் ரசாயனக் குறி) உண்டா. இரண்டாவது இருந்தால் டெமோசோலமைடு கூடுதலாகப் பலிக்கும். மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஓடுகிறது என்றால் சர்க்கரை ஏறும், தொடைச் சதை கரையும், ஆகவே டாக்டரைக் கேட்காமல் எந்த வேளைச் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் சித்தி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப பட்டினி கெடந்து பழகுனதே அந்தக் கட்டிதானா" என்று கேட்டுக்கொண்டே இட்லிப் பானையை ஏற்றினார்.