எறும்பு தூக்கிய கீரை விதை

மாடித் தொட்டியில் அரைக்கீரை விதைத்தால் சொட்டை சொட்டையாகத்தான் முளைக்கும். வீட்டில் எல்லோரும் விதையைக் குறை சொன்னார்கள். ஒருநாள் காலையில் குனிந்து பார்த்தால், கருப்பாக மின்னும் விதையை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு எறும்புகள் தொட்டி விளிம்பில் ஏறிக்கொண்டிருக்கின்றன!

மருந்தெல்லாம் வேண்டாம், தின்னப்போகிற கீரை. அடுத்த தடவை விதையோடு நாலைந்து பங்கு மணல் கலந்து தூவி, மெல்லிசாக மண் போட்டு மூடினேன். தொட்டி ஓரமாக ஒரு பிடி நொய்யரிசி. எறும்புகள் அதிலேயே மும்முரமாகிவிட்டன. தண்ணீர் பூவாளியில்தான், சொம்பால் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். நாலைந்து நாளில் தொட்டி முழுக்கப் பச்சை. அப்புறம், அரைக்கீரையை வேரோடு பிடுங்காதீர்கள். அடித்தண்டை விட்டு அறுத்தால் மறுபடி மறுபடி தழைக்கும்.